ஆ-வுக்குத் தாய்மொழி எது?

டேய், சிரிக்கிறத நிறுத்துங்க. வாயில உருளைக்கிழங்கு வறுவல வெச்சுக்கிட்டு சிரிச்சா மூக்கு வழியா வரும், அதுக்கு நான் பொறுப்பில்ல. பஸ்டியான், உன்னத்தான் சொல்றேன். போன வாரம் இதே கடை வாசல்ல நின்னு, "சோலாவென்ட்ரா பாட்டா? வரிக்கு வரி மனப்பாடம்"னு ஒரு பொண்ணுகிட்ட அளந்துட்டிருந்தியே. எங்க, ஒரு வரி சொல்லு பாப்போம். வராது. ஏன்னா அந்தப் பாட்டுல வரியே கிடையாது. மொத்தமும் ஒரே ஒரு "ஆ". அதையும் தப்பா பாடிக் காட்டினவன் நீ ஒருத்தன்தான்.

சரி, மயோனைஸ இந்தப் பக்கம் தள்ளுங்க. அந்த ஆ-வோட வரலாற்றச் சொல்றேன். வரலாறுன்னா வரலாறுதான். ஆபீஸ்ல அதுக்கு பதினோரு கோப்பு இருக்கு.

சோலாவென்ட்ரான்னா என்ன அர்த்தம்னு கேக்காதீங்க. அர்த்தம் இருந்தா அது டிரான்ஸ் குழுவோட பேரே இல்ல. டிரான்ஸ்னா அன்னைக்கு ராத்திரி பூரா ஆட வெச்ச மெஷின் மேளப் பாட்டு. நம்ம க்ராய்பேக் ஊர்ல, தொண்ணூத்தியெட்டுல, யோரிஸோட அப்பா கார் நிறுத்துற கொட்டகையில பொறந்த குழு. மூணு பேர். யோரிஸ் பாட்டு செய்வான். ஒடீல் பாடுவா. நான் கோபே, ரெண்டாவது கீபோர்டுக்குப் பின்னாடி நின்னு ஒரு கையத் தூக்குவேன். அந்த கீபோர்டுக்கு கரண்டு கிடையாது. அதுல தப்பொண்ணும் இல்ல, அன்னைக்கு ஐரோப்பாவுல பாதி கீபோர்டுக்கு கரண்டு கிடையாது. வெள்ளிக் கலர் பேண்ட்டு, நீச்சல்காரன் கண்ணாடி, முள்ளு முள்ளா நிக்கிற மஞ்சத் தலை. இது மூணும் இருந்தா நீ கலைஞன். எனக்கு மூணும் இருந்துச்சு.

யோரிஸ் அதிகம் பேச மாட்டான். அவன்கிட்ட ஒரு சாம்பிளர் பொட்டி. எந்தச் சத்தத்தையும் பிடிச்சு வெச்சு, கட்டைய அமுக்கினா திருப்பிக் கொடுக்கும். அவங்கப்பா தும்மினது, பக்கத்து வீட்டு நாய், துணி துவைக்கிற மெஷின், எல்லாத்தையும் பிடிச்சு வெச்சிருந்தான். ஒரே பாட்ட ஏழு விதமா கலக்குவான். கடல் கலவை, நிலாக் கலவை, விமான நிலையக் கலவை. ஏழையும் சேர்த்தா அதுக்குப் பேர் ஆல்பம்.

ஆனா ஜனம் வந்தது ஒடீலுக்காக. ஒடீல் வான் ஹாம. பேரப் பாத்தீங்கள்ல, முன்னால பிரெஞ்சு, பின்னால ஃபிளெமிஷ், அதாவது நம்ம நாட்டு டச்சு. அப்பா டச்சுல திட்டுவார், அம்மா பிரெஞ்சுல திட்டுவாங்க. சர்ச்சுக்கு எதிர்ல இருந்த ரொட்டிக் கடையில வேலை. பாட்டு நடுவுல திடீர்னு மேளம் நிக்கும். எல்லாரும் மூச்ச அடக்குவாங்க. அப்போ அவ வாயத் திறப்பா. நாப்பத்திரெண்டு செகண்டு. ஒரே மூச்சு. ஒரு வார்த்தை கிடையாது. நான் கை தூக்கறதையே மறந்துட்டு பல தடவ நின்னிருக்கேன்.

அப்போதான் ஓஸ்டெண்ட் கடற்கரைக் கோடை விழாவுக்குக் கூப்பிட்டாங்க. பெரிய மேடை. அன்னைக்கு சாயங்காலமே ஒடீல் ரொட்டிக் கடை வேலைய விட்டுட்டா. "இனிமே நான் பாட்டுக்காரி. விடிகாலையில எழுந்து மாவு சலிக்கிறவ இல்ல"ன்னா. நாங்க கை தட்டினோம்.

ரெண்டு நாள் கழிச்சு ஒரு ஃபாரம் வந்துச்சு.

"லூவன் யுனிவர்சிட்டியில சட்டம் படிச்சவன் நீதானே, நீயே நிரப்பு"ன்னான் யோரிஸ். நான் ஒன்றரை வருஷம் படிச்சு, பரீட்சையும் நானும் ஒருத்தர ஒருத்தர் பாத்து பயந்து பிரிஞ்சவன். இருந்தாலும் எங்க மூணு பேர்ல நான்தான் வக்கீல். "குழுவின் சட்டப் பிரதிநிதி"ங்கற இடத்துல என் பேரப் போட்டு, கொக்கியெல்லாம் வெச்சு ஒரு கையெழுத்தும் போட்டேன். ஆறு கேள்வி வரைக்கும் சுலபம். ஏழாவது கேள்வி:

"பொது மேடையில் ஒலிக்கவிருக்கும் மனிதக் குரல் எம்மொழியைச் சார்ந்தது? (அ) டச்சு (ஆ) பிரெஞ்சு. ஏதேனும் ஒன்றை மட்டுமே குறிப்பிடவும். குறிப்பிடப்படாத விண்ணப்பம் பிறக்காத விண்ணப்பமாகக் கருதப்படும்."

"ஒடீல், நீ ஆ-ன்னு பாடுறது எந்த மொழிடி?"

"உனக்கு இன்னைக்கு வெயில் ஒத்துக்கலயா?"

"ஃபாரத்துல கேக்குறாங்க."

"வலிச்சா ஆ-ங்கிறோம். அது எந்த மொழியோ அந்த மொழி."

நான் மூளையக் கசக்கி, ரெண்டு கட்டத்தையும் விட்டுட்டு, ஓரத்துல "வாத்திய இசை"ன்னு எழுதிட்டேன். அதோட முடிஞ்சதுன்னு நினைச்சேன். அதுதான் தொடக்கம்.

பாட்டுமொழிப் பிரிவுன்னு ஒரு ஆபீஸ். நீங்க யாரும் பாத்திருக்க மாட்டீங்க, பாக்க வேண்டாம். ஒரு நீள நடை, நடுவுல தரையில ஒரு மஞ்சக் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் டச்சு, அந்தப் பக்கம் பிரெஞ்சு. காபி மெஷின் சரியா கோட்டு மேல. ஒம்பதே முக்காலுக்கு இவங்க குடிப்பாங்க, பத்தேகாலுக்கு அவங்க குடிப்பாங்க. நடுவுல இருக்கிற அரை மணி நேரம் மெஷின் நடுநிலை வகிக்கும். டச்சுப் பக்கம் வெர்ஹாஸ்ட் சார், பிரெஞ்சுப் பக்கம் பிரொத் மேடம். ரெண்டு பேர் மேசைக்கும் ஆறடி தூரம். பத்தொம்பது வருஷமா பேசினதில்ல. கடிதம் மட்டும்தான். அதுவும் தலைநகருக்குப் போய், முத்திரை வாங்கி, திரும்பி வரணும்.

வெர்ஹாஸ்ட் சார் எங்கள கூப்பிட்டனுப்பினார். நானும் ஒடீலும் போனோம்.

"வாத்திய இசைன்னு எழுதியிருக்கீங்க தம்பி. ஆனா இந்தப் பொண்ணு பேருக்கு எதிர்ல 'குரல்'னு இருக்கே?"

"வார்த்தை எதுவும் பாட மாட்டாங்க சார். சும்மா ஆ-ன்னு ஒரு..."

"அப்போ இவங்க வாத்தியமா?"

"அப்படியும் வெச்சுக்கலாம் சார்."

"நல்லது. வாத்தியம்னா இணைப்பு நாலு நிரப்பணும்." கண்ணாடிய மாட்டிக்கிட்டார். "தயாரிப்பாளர் பேரு?"

"அப்பா பேரா, அம்மா பேரா?"ன்னா ஒடீல்.

"கூட்டுத் தயாரிப்புன்னு போட்டுக்கறேன். தயாரிப்பு வருஷம்?"

"எழுபத்தாறு."

"எடை?"

"சார், பேனாவ கீழ வைங்க."

"எடுத்துட்டுப் போக உறை, பெட்டி ஏதாவது..."

"கோபே, எழுந்திரு"ன்னா. எழுந்தேன். கதவுகிட்ட போறப்போ வெர்ஹாஸ்ட் சார் சொன்னார், "கோவிச்சுக்காதீங்கம்மா. நீங்க வாத்தியமும் இல்லன்னா மனுஷிதான். மனுஷின்னா மொழி இருக்கணும். சட்டம் உங்க பக்கம்தான் நிக்குது." அவர் நல்ல மனுஷன்டா. நம்ம நாட்டுல எல்லா ஆபீசரும் நல்ல மனுஷங்க. அதுதான் பிரச்சனையே.

அடுத்த வாரம் கடிதம். கேளுங்க, இன்னும் எனக்கு மனப்பாடம்.

"பொருள்: சோலாவென்ட்ரா குழு, 'ஆ' எனும் ஒலி, மொழி நிர்ணயம் குறித்து. மேற்படி பொருள் தொடர்பாகத் தங்கள் கனிவான கவனத்திற்குக் கொண்டுவரப்படுவது யாதெனில், மேற்படி 'ஆ' எம்மொழிக்கு உரியது என்பதை ஆய்ந்தறிய எண்மர் குழு அமைக்கப்பட்டுள்ளது. 'ஆ'வை வெளியிடுபவர் அன்னாருடைய வாயுடன் நேரில் ஆஜராகுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்."

"வாய வீட்டுல வெச்சுட்டு வருவேன்னு நினைச்சாங்களா?"ன்னா ஒடீல். ஆனா போனா. கடற்கரை மேடை வேணுமே.

நீள மேசை. இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர். நடுவுல மொழிபெயர்ப்பாளர் லாம்பேர், கண்ணாடிக் கூண்டுக்குள்ள, காதுல கருவியோட. சட்டப்படி எது ஒலிச்சாலும் அத அடுத்த பக்கத்துக்கு மொழிபெயர்த்தாகணும்.

ஒடீல் பாடினா. நாப்பத்திரெண்டு செகண்டு.

முடிஞ்சுது. டச்சுப் பக்கத்துல ஒரு பெரியவர் மூக்க உறிஞ்சினார். பிரெஞ்சுப் பக்கம் நாலு பேரும் காதுக் கருவிய பிடிச்சுக்கிட்டு கூண்டப் பாத்தாங்க. லாம்பேருக்கு வேர்த்துச்சு. அப்புறம் மைக்க கிட்ட இழுத்து, "ஆ..."ன்னார்.

"இவ்வளவுதானா?"ன்னாங்க பிரொத் மேடம். "அந்தப் பொண்ணு ரொம்ப நேரம் பாடிச்சே!"

"சாராம்சம் மேடம்."

"உணர்ச்சி விட்டுப் போச்சு. ஆட்சேபிக்கிறேன். முழுசா பண்ணுங்க."

லாம்பேர் முழுசா பண்ணினார். முப்பதாவது செகண்டுல இருமல் வந்துச்சு. அந்த இருமலையும் குறிப்புல எழுதிட்டாங்க. எந்த மொழி இருமல்னு அடிக்குறிப்புல தனியா ஒரு விவாதம் போச்சு, அத விடுங்க.

டச்சுப் பக்கம் என்ன சொன்னாங்கன்னா, ஆ தொண்டைக்குள்ளேருந்து வருது, தொண்டை எங்க மொழியோட பூர்வீகச் சொத்து. பிரெஞ்சுப் பக்கம் என்ன சொன்னாங்கன்னா, முடியறப்போ லேசா மூக்கு வழியா போகுது, மூக்கு எங்களோடது. அப்போ தொண்டைக்கும் மூக்குக்கும் நடுவுல எல்லைய எங்க போடறது? மூணு மணி நேரம். நடுவுல காபி, ரெண்டு தடவ, அரை மணி இடைவெளியில.

கடைசியில நம்ம நாட்டோட மகா தத்துவம் ஜெயிச்சுது. ஒண்ண முடிவு பண்ண முடியலன்னா ரெண்டா வெட்டு.

"மேற்படி 'ஆ' நாற்பத்திரண்டு வினாடிகள் கொண்டதாகையால், முதல் இருபத்தியொரு வினாடிகள் டச்சு மொழியிலும் அடுத்த இருபத்தியொரு வினாடிகள் பிரெஞ்சு மொழியிலும் பாடப்பட வேண்டும். இரண்டிற்கும் இடையே, பொதுமக்கள் குழப்பமடையாதிருக்கும் பொருட்டு, பாடகர் ஒரு மூச்சு எடுக்க வேண்டும். மேற்படி மூச்சு இருமொழி மூச்சாகக் கருதப்படும்."

அதோட முடியல. டச்சுப் பக்கம் மேல்முறையீடு: ஜனத்தொகைப்படி எங்களுக்கு இருபத்தஞ்சு செகண்டு வரணும். பிரெஞ்சுப் பக்கம் எதிர் மேல்முறையீடு: முதல் பாதி ஏன் எப்பவும் அவங்களுக்கே? அதுக்கு ஒரு சமரசம். ஒத்தப்படை தேதியில டச்சு முதல்ல, ரெட்டைப்படையில பிரெஞ்சு முதல்ல. இதெல்லாம் ஆறினப்புறம், கிழக்கு எல்லையில ஜெர்மன் பேசுற நம்ம ஆளுங்ககிட்டேருந்து ஒரு பணிவான கடிதம். அவங்க பங்கு கணக்குப்படி கால் செகண்டு. "பாட்டின் இறுதியில், கண்ணியமான முறையில்" கொடுத்தா போதுமாம்.

ஒடீல் கடிதத்தப் படிச்சுட்டு மடிச்சு வெச்சா. அன்னைக்கு அவ கேலி பண்ணல.

"கோபே, அதப் பிச்சா பாட்டு இல்லடா."

"ஒரு மூச்சுதானே எடுக்கச் சொல்றாங்க? நீ எடுக்கற மாதிரி எடு. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும். எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை டிவி எந்த மொழியில ஓடணும்னு தட்டு பறக்கும். நான் சின்னப் பிள்ளையில அழுதா மட்டும் ரெண்டு பேரும் ஒண்ணா ஓடி வருவாங்க. எந்த மொழியில அழறேன்னு யாரும் கேக்கல. நான் பாடறது அதுதான். அதுல நடுவுல கோடு போட விட மாட்டேன்."

"உணர்ச்சிவசப்படாத"ன்னேன். உணர்ச்சிதான் எங்க தொழிலே.

அப்புறம் பரீட்சை. எந்தப் பாதி எந்த மொழின்னு அவ சரியா உச்சரிக்கிறாளான்னு சோதிக்கணுமாம். டச்சு வாய்மொழித் தேர்வு ஒரு அறையில, பிரெஞ்சு அடுத்த அறையில. ரெண்டு அறையிலயும் அவ அதே ஆ-வத்தான் பாடினா, முழுசா, மூச்சு விடாம. டச்சுல நூத்துக்கு எழுபது. "பிரெஞ்சு வாடை வீசுகிறது." பிரெஞ்சுல நூத்துக்கு முப்பத்தெட்டு. "ஃபிளெமிஷ் வாடை வீசுகிறது. மறுதேர்வு செப்டம்பரில்." விழா ஜூலையில.

"அப்போ மேடை போச்சா?"ன்னேன் வெர்ஹாஸ்ட் சார்கிட்ட. தனியாத்தான் போயிருந்தேன்.

அவர் கதவச் சாத்தினார். ரகசியம் சொல்ற மாதிரி குனிஞ்சார். "தம்பி, நான் உன் நல்லதுக்குச் சொல்றேன். இந்தப் பிரச்சனை எல்லாம் மனிதக் குரலாலதான் வருது. மனிதக் குரல் இல்லன்னா ஏழாவது கேள்வியே கிடையாது. மெஷின்ல வர முடியாதா?"

போய் யோரிஸ்கிட்ட சொன்னேன். அவன் பொட்டியோட ஒரு கட்டைய அமுக்கினான். ஆ. நாப்பத்திரெண்டு செகண்டு. முழுசா. அப்படியே.

"டேய், இது ஒடீல்."

"போன குளிர்காலத்துல சோதனைக்குப் பிடிச்சு வெச்சேன்"ன்னான். "அவ பக்கத்துல இருக்கறப்போ எடுத்தது. அவளுக்கும் தெரியும்." அவனுக்கு இதுல கெட்ட எண்ணம் எதுவும் இல்ல. அவனுக்கு நாயும் ஒடீலும் ஒரே மாதிரி, ரெண்டு கட்டை.

மெஷினத் தூக்கிட்டு ஆபீசுக்குப் போனோம். மெஷின்னா உடனே விட்டுடுவாங்கன்னா நினைச்சீங்க? மெஷினுக்கும் ஒரு விதி இருக்கு. மெஷின் எந்த மொழிச் சமூகத்தச் சார்ந்ததுன்னு தெரியணும். ஜப்பான்ல செஞ்ச பொட்டி. ஜப்பானுக்கு நம்ம நாட்டுல கட்டமே கிடையாது. வெர்ஹாஸ்ட் சார் பொட்டிய சுத்திச் சுத்தி வந்தார். அப்புறம், "கையேடு இருக்கா?"ன்னார்.

இருந்துச்சு. திறந்து எண்ணினார். டச்சுல பதினாலு பக்கம். பிரெஞ்சுல பதினாலு பக்கம். கடைசியில ஜெர்மன்ல மின்சாரம் தாக்கும்னு ஒரு எச்சரிக்கை, ஒரு கால் பக்கம்.

அவர் கண்ணுல தண்ணி வந்துடுச்சுடா. எழுந்து, மஞ்சக் கோட்டு ஓரம் போய் நின்னு, பத்தொம்பது வருஷத்துல முதல் தடவையா வாய் விட்டுக் கூப்பிட்டார். "மேடம்! கொஞ்சம் வந்து பாருங்க!" பிரொத் மேடம் வந்தாங்க. பக்கத்த எண்ணினாங்க. நடு நெஞ்சுல கைய வெச்சாங்க. "இவ்வளவு சமத்துவமான ஒரு ஜீவன நான் பாத்ததே இல்ல"ன்னாங்க. ஒடீல் நாலு மாசம் அலைஞ்சும் கிடைக்காத இருமொழிச் சான்றிதழ், அந்தப் பொட்டிக்கு நாலு நிமிஷத்துல கிடைச்சுது. வாய்மொழித் தேர்வுகூட இல்லாம.

ஒரே ஒரு தாள் மிச்சம். "மேற்படி குழுவில் மனிதக் குரல் ஏதும் இல்லையென்றும், ஒலிக்கும் 'ஆ' எந்த மனிதருக்கும் உரியதல்ல என்றும் இதன்மூலம் உறுதியளிக்கிறேன்." கீழ, சட்டப் பிரதிநிதி கையெழுத்து. போட்டேன்.

ஒடீலுக்கு நான்தான் சொன்னேன். "இந்த ஒரு தடவ மட்டும்"னேன். "நீ கீழ நின்னு பாரு. அடுத்த தடவ எல்லாம் சரியாயிடும்." அவ என் மூஞ்சியவே பாத்தா. "நான் மேடைக்குக் கீழ நின்னு என் பாட்ட நானே கேக்கணுமா?"ன்னா. "நல்ல இடம் பிடிச்சுத் தரேன்"னேன். தமாஷாத்தான் சொன்னேன். அவ சிரிக்கல.

ஓஸ்டெண்ட். மத்தியானம் மூணு மணி, சுள்ளுன்னு வெயில், கடல் காத்து. இறால் வடைய கையில வெச்சுக்கிட்டு ஆறாயிரம் பேர். வெர்ஹாஸ்ட் சாரும் பிரொத் மேடமும் ஒரே குடையில, ஆளுக்கொரு ஸ்டாப் வாட்ச்சோட. மேளம் நின்னுச்சு. யோரிஸ் கட்டைய அமுக்கினான். நடுவுல ஒடீல் நிக்கிற இடம் காலியா இருந்துச்சு. காலியா இருந்தா அசிங்கமா இருக்குமேன்னு நான் ஒரு அடி முன்னால வந்தேன். கண்ண மூடி, ரெண்டு கையையும் தூக்கினேன்.

ஆறாயிரம் பேரும் கையத் தூக்கினாங்க. என்னப் பாத்து.

அதுக்கப்புறம் உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான். ஆறு மாசத்துல பதினேழு ஊரு. ஸ்பெயின்ல அந்த ஆ தங்களோட பழைய பாட்டு மாதிரியே இருக்குன்னாங்க. போலந்துல ஒரு பத்திரிகை அது தங்க நாட்டுக்காரி குரல்னு எழுதிச்சு. ஜெர்மனியில ஒரு பேராசிரியர், மனிதன் மறைந்த பின்னும் ஒலிக்கும் குரல்னு பத்துப் பக்கம் எழுதினார். ரெக்கார்டு உறையில என் படம், வெள்ளிப் பேண்ட்டு, கண்ணாடி, ரெண்டு கை. பின்னாடி பொடி எழுத்துல: "குரல்: இயந்திரம். இருமொழிச் சான்று பெற்றது."

அந்தக் குளிர்காலம், நாங்க ஸ்பெயின் கிளம்பறதுக்கு முன்னாடி, ஒடீல் மறுபடி ஆபீசுக்குப் போனா. என்னையும் கூப்பிட்டா, நானும் போனேன். ரொட்டிக் கடையில அவ இடத்துக்கு வேற ஆள் வந்தாச்சு, பாட்டுலயும் வேற ஆள். அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு. "ரெக்கார்டு உறையில என் பேரப் போடுங்க."

வெர்ஹாஸ்ட் சார் கோப்பப் பிரிச்சார். "அம்மா, இந்தக் குரல் எந்த மனுஷரோடதும் இல்லன்னு உறுதிமொழி இருக்கே."

"அது என் குரல் சார்."

"நிரூபிக்க முடியுமா?"

அவ நடையில போய் நின்னா. மஞ்சக் கோட்டு மேல, காபி மெஷின் பக்கத்துல. வாயத் திறந்தா.

கதவெல்லாம் திறந்துச்சு. ரெண்டு பக்கத்து ஆளுங்களும் வெளிய வந்தாங்க. கூண்டுக்காரர் லாம்பேர் காதுலேருந்து கருவியக் கழட்டினார். யாரும் கடிகாரம் பாக்கல. முடிஞ்சப்புறம் பிரொத் மேடம் கைக்குட்டையால கண்ணத் துடைச்சுக்கிட்டாங்க.

"அற்புதம்மா"ன்னாங்க. "அப்படியே மெஷின் மாதிரியே இருக்கு."

"இம்மி பிசகல"ன்னார் வெர்ஹாஸ்ட் சார். அப்புறம் அவர் முகம் மாறிச்சு. "ஆனா அம்மா, ஒரு சிக்கல். முதல்ல பதிவானது மெஷினோட குரல்தான். பின்னால வர்றவங்க அதே மாதிரி பொது இடத்துல பாடினா, அது நகல் கணக்குல வரும். குழுவோட சட்டப் பிரதிநிதி ஆட்சேபனை இல்லன்னு கையெழுத்துப் போடணும். போட்டா, நாங்க இன்னைக்கே உங்க பேரப் பதிவு பண்ணிடறோம்." ரெண்டு பேரும் தலைய ஆட்டினாங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணா தலையாட்டி நான் பாத்தது அன்னைக்குத்தான். "இவ்வளவு நல்ல குரலுக்கு நாங்க குறுக்க நிக்க மாட்டோம்."

அந்த இடத்துலயே தாள அடிச்சாங்க. காத்திருக்க வேண்டாம், முத்திரைக்குத் தலைநகர் போக வேண்டாம். பிரொத் மேடம் தன்னோட சொந்தப் பேனாவ எடுத்து என்கிட்ட நீட்டினாங்க. ஓஸ்டெண்டுக்கு அப்புறம் முதல் தடவையா ஒடீல் என்னப் பாத்து சிரிச்சா. "போடுடா கோபே. நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து நிப்போம்."

இவ்வளவு நேரம் ஆபீசரப் பாத்து சிரிச்சீங்கல்ல? மஞ்சக் கோடு, காபி, கால் செகண்டு, எல்லாத்துக்கும் வயித்தப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சீங்க. அன்னைக்கு அந்த நடையில சட்டமும் சரியா இருந்துச்சு, ஆபீசும் சரியா இருந்துச்சு, பேனாவுல மையும் இருந்துச்சு.

"ஸ்பெயின் போயிட்டு வந்து போடறேன்"னேன்.

ஸ்பெயினுக்கு அப்புறம் இத்தாலி. இத்தாலிக்கு அப்புறம் காய்ச்சல். காய்ச்சலுக்கு அப்புறம் குழுவே கலைஞ்சுடுச்சு. ஒடீல் இப்போ நாமூர் பக்கம் எங்கயோ இருக்காளாம். பாடறதில்லையாம்.

ஏன் போடலன்னு கேக்குறியா பஸ்டியான்? எனக்கு கீபோர்டு வாசிக்கத் தெரியாது, பாடத் தெரியாது. அவ நடுவுல வந்து நின்னா நான் எங்கடா நிக்கிறது?